மலைவளைவும் வானவெளியும்



மேகம் கலைந்த ஒரு முற்பகல் வேளையில், அப்புத்தளை மலைமுகட்டில் நின்று தெற்கே தாழ்ந்து செல்லும் பள்ளத்தாக்கை நோக்கியவர்கள் ஓர் அழகிய காட்சியைக் கண்டிருப்பார்கள். கழுகு ஒன்று சிறகை விரித்தபடி, அதை ஒருமுறையேனும் அடிக்காமல், வட்டமிட்டு வட்டமிட்டு மேலே ஏறும். வெயிலிற் சூடேறிய பாறைகளிலிருந்து எழுகின்ற வெப்பக்காற்று அதனை ஏந்திக்கொண்டு செல்கிறது. சற்று நேரத்தில் மற்றொரு கழுகு அதே காற்றைத் தேடி வந்து சேரும். பின்னர் மூன்றாவது ஒன்றும் வரும். கண்ணுக்குப் புலனாகாத ஒரு தூணைச் சுற்றுவனபோல் மூன்றும் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி உயர்ந்து செல்லும்.

மனிதனும் இவ்வாறு பறக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். இயந்திரமில்லாத விமானத்தைக் கிளைடர் என்று அழைக்கிறார்கள். நீண்டு மெலிந்த சிறகுகளை உடையது அது. தரையிலிருந்து வடத்தால் இழுத்தோ, வேறொரு விமானத்தின் பின்னே கட்டியோ அதனை மேலே கொண்டுசென்று விட்டுவிடுவார்கள். அதன் பின்னர் காற்றே அதற்குத் துணை. அது எப்போதும் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே இருக்கும். தான் தாழும் வேகத்தைவிட விரைவாக மேலெழும் காற்றினுள் புகுந்தால் மட்டுமே உயர முடியும். அத்தகைய காற்றைத் தேடித் தேடி, ஒரே நாளில் 1,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைக் கடந்த வீரர்களும் உளர்.

பதுளையில் ஒரு பாடசாலையின் அதிபராக இருக்கும் எனக்கும் இந்தக் கிளைடருக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். நியாயமான வினாவே. நான் அதனைப் படங்களில் கண்டதன்றி நேரிற் கண்டதில்லை. ஆயினும், பொழுதுபோக்காகப் பறக்கும் அம்மனிதர்கள், வானத்தில் ஒருவரோடொருவர் மோதாமல் இருப்பது எப்படி என்ற கேள்விக்கு விடை தேடிய வரலாற்றைப் படித்தபோது, நம் மலைநாட்டு வீதிகளின் ஒவ்வொரு வளைவிலும் நிற்கின்ற கேள்வியும் அதுவே என்று எனக்குத் தோன்றியது. அதனைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வானம் பரந்தது, அதில் இரண்டு சிறு விமானங்கள் மோதுவதற்கு என்ன காரணம் என்று கேட்கலாம். காரணம் எளிது. மேலெழும் காற்று எங்கும் இருப்பதில்லை. அது எழும் இடத்தை ஒருவர் கண்டால் மற்றவர்களும் அங்கேயே வந்து கூடுவார்கள். மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்றை நாடுவோர் அந்தச் சரிவை ஒட்டியே போவதும் வருவதுமாக இருப்பார்கள். பரந்த வானத்தில் அவர்கள் நடப்பது ஒற்றையடிப் பாதையில்தான்.

இதனை உணர்ந்து அவர்கள் சில விதிகளை வகுத்துக்கொண்டார்கள. வெப்பக்காற்றில் முதலில் வந்தவர் எந்தத் திசையிற் சுற்றுகிறாரோ, பின்னால் வருபவரும் அதே திசையிற் சுற்றவேண்டும். நேருக்கு நேர் இருவர் வந்தால் இருவரும் வலப்புறம் விலகவேண்டும். மலைச்சரிவைத் தம் வலப்புறத்தே கொண்டவருக்கு விலக இடமில்லையாதலால், எதிரே வருபவர் அவருக்கு வழிவிடவேண்டும். மேலேறும் வாகனத்துக்கு இறங்கும் வாகனம் ஒதுங்கி நிற்கும் நம் மலைவீதி வழக்கத்தை இது நினைவூட்டுகிறது அன்றோ?

இவ்விதிகள் யாவும் ஒன்றை நம்பியே நிற்கின்றன. ஒருவர் மற்றவரைக் கண்ணாற் காணவேண்டும். அங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. கிளைடர் முன்பக்கமிருந்து பார்ப்போர்க்கு ஒரு மெல்லிய கோடாகவே தெரியும். வெண்ணிறமான அது வெண்மேகத்தின் முன்னே மறைந்துவிடும். இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. இரண்டு பொருள்கள் நேர்கோட்டில், மாறாத வேகத்தில், ஒரே புள்ளியை நோக்கி வருமாயின், ஒன்றிலிருந்து பார்க்கும்போது மற்றது இடம் பெயர்வதாகத் தோன்றாது. கண்ணாடியில் ஒட்டிய தூசுபோல் ஒரே இடத்தில் நிற்கும். அசையும் பொருளையே நம் கண் விரைவில் பற்றும். எனவே, எது நம்மோடு மோத வருகிறதோ அதுவே கண்ணுக்கு எளிதில் அகப்படாதது. நெடுநேரம் சிறிதாக நின்ற அந்தத் தூசு, கடைசிச் சில வினாடிகளில் திடீரெனப் பெரிதாகும்.

மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் இருவர் எதிரெதிரே வந்தால், அவர்கள் நெருங்கும் வேகம் மணிக்கு 300 கிலோமீற்றர். ஒரு கிலோமீற்றர் இடைவெளி 12 வினாடிகளில் மறைந்துவிடும். ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என்று அறிந்து, மோதும் என்று உணர்ந்து, முடிவெடுத்து, விமானத்தைத் திருப்பி, அது திரும்பவும் தொடங்குவதற்கு ஏறத்தாழ 12.5 வினாடிகள் ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை மதிப்பிட்டிருக்கிறது. கண்ணை மட்டும் நம்புவது போதாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த இடத்தில், நேயர்களே, என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அனுமதியுங்கள்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், பசறைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நான் உதவி ஆசிரியப் பணி புரிந்தேன். பிள்ளைகள் சிலரும் ஆசிரியர் சிலரும் தினமும் ஒரு வாடகை வேனிற் செல்வது வழக்கம். மூடுபனி நிறைந்த காலம். வளைவு வரும்போது சாரதி ஹோர்ன் அடிப்பார். ஒரு கணம் காது கொடுப்பார். பதில் ஒலி கேட்டால் ஒதுங்கி நிற்பார். கேளாவிட்டால் மேலே செல்வார். மலைவீதியில் வாகனம் ஓட்டுவோர் அனைவரும் அறிந்த முறை இது.

ஒருநாள் அந்த வேனின் ஹோர்ன் பழுதாயிற்று. "பழகின ரோட்டுத்தானே சேர், கண்ணை மூடிக்கொண்டும் போகலாம்" என்றார் சாரதி. மூன்று நாட்கள் அவ்வாறே சென்றோம். நான்காம் நாட் காலை, ஒரு வளைவில், கொழுந்து ஏற்றிய தோட்டத்து லொறி ஒன்று எதிரே வந்தது. அந்த லொறிக்காரர் முறைப்படி ஹோர்ன் அடித்திருக்கிறார். மழையின் இரைச்சலிலும் பிள்ளைகளின் ஆரவாரத்திலும் எங்களுக்கு அது கேட்கவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து பதில் வராதபடியால், வீதி வெறுமையாக இருக்கிறதென்று எண்ணி அவர் வந்துவிட்டார். இரு வாகனங்களும் உரசிக்கொண்டன. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் யன்னலோரத்தில் கைவைத்து அமர்ந்திருந்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் வலக்கை நசுங்கியது. அதன் விரல்கள் பின்னர் ஒருபோதும் பேனாவைப் பிடிக்கவில்லை.

லொறிக்காரர்மீது நான் குற்றம் காணவில்லை. அவர் செய்யவேண்டியதைச் செய்தார். எங்கள் மௌனத்தை அவர் வெறுமை என்று பொருள்கொண்டார். வேறு எவ்வாறு கொள்வார்? அந்த ஹோர்ன் பழுதானதை அறிந்திருந்தும், மூன்று நாட்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் அதே வேனில் ஏறி அமர்ந்த ஆசிரியருள் நானும் ஒருவர். இவ்வுரையின் மையம் இதுவே என்பதால் இதனை மறைக்காமற் சொல்கிறேன்.

மோதலைத் தவிர்க்க மனிதன் கண்ட வழிகளை நோக்குவோமாயின், அவற்றுள் மிக உறுதியானதொன்று நம் பதுளைப் பாதையிலேயே தலைமுறைகளாகக் கையாளப்பட்டு வந்திருக்கிறது. 1924ஆம் ஆண்டிற் புகையிரதம் பதுளையை வந்தடைந்தது. எல்ல, தெமோதரை, ஹாலிஎல எனச் செல்லும் அந்த ஒற்றைப் பாதையில், எதிரெதிரே இரு வண்டிகள் வந்துவிட்டால் ஒதுங்குவதற்கு இடம் ஏது? எனவே, ஒரு நிலையத்திலிருந்து புறப்படும் வண்டியின் சாரதிக்கு, நிலைய அதிபர் ஒரு வளையத்திற் கோத்த தோற்பையைக் கொடுப்பார். அதனுள்ளே உலோக வில்லை ஒன்று இருக்கும். 'டெப்லட்' என்று புகையிரதத் தொழிலாளர் அதனை வழங்குவர். அந்த வில்லை கையில் இல்லாமல் அடுத்த நிலையத்தை நோக்கிச் சாரதி வண்டியைச் செலுத்தலாகாது.

இம்முறை பிறந்த கதை துயரமானது. 1874ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் நாள் இரவு, இங்கிலாந்தின் நோர்விச் நகருக்கு அருகே தோர்ப் என்னுமிடத்தில், தந்திச் செய்தியில் ஏற்பட்ட குழப்பத்தால் ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே அனுப்பப்பட்டன. 25 பேர் மாண்டனர். அதன் பின்னரே எட்வர்ட் டையர் என்பவர் இந்த வில்லைப் பொறியை அமைத்தார். பாதையின் ஒரு பகுதிக்கு இரு முனைகளிலும் இரண்டு பெட்டிகள். இரண்டும் மின்கம்பியாற் பிணைக்கப்பட்டவை. ஒரு வில்லை வெளியே எடுக்கப்பட்டால், அது இரண்டு பெட்டிகளுள் ஒன்றிற் திரும்ப வைக்கப்படும்வரை வேறொரு வில்லை எந்தப் பக்கத்திலும் வெளிவராது. கையில் வில்லை உள்ளவருக்கே பாதை சொந்தம்.

இத்துணைச் சிறந்த பொறியும் மனிதனின் கவனத்தை வேண்டி நிற்கிறது. 1921ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் அபர்மியூல் நிலையத்தில், தாம் கடந்துவந்த பகுதிக்குரிய வில்லையே மீண்டும் தம் கையில் தரப்பட்டதை ஒரு சாரதி கவனிக்கவில்லை. வில்லையில் எழுதியிருந்த பெயரை எவரும் படித்துப் பார்க்கவில்லை. வண்டி புறப்பட்டது, எதிரே விரைவு வண்டி வந்தது, 17 பேர் உயிரிழந்தனர். பொறி பிழைக்கவில்லை. கண் பார்க்கவில்லை.

இனி வானத்துக்கு வருவோம். பெரிய பயணிகள் விமானங்களின் உலகிலும் பாடம் துன்பத்தின் வழியாகவே கற்கப்பட்டது. 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரி என்னும் ஊரின் மேலே, புறப்பட்டுச் சென்ற சவூதி விமானமும் வந்துகொண்டிருந்த கசகஸ்தான் விமானமும் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அக்காலத்திற் டில்லிக்கு வரும் விமானங்களுக்கும் போகும் விமானங்களுக்கும் ஒரே வான்பாதை இருந்தது. நம் புகையிரதப் பாதைபோன்ற ஒற்றைப் பாதை என்றே அதனைக் கூறலாம். தனக்குக் குறித்த உயரத்திலிருந்து ஒரு விமானம் தாழ்ந்தது, அவ்வளவே. அந்த விபத்தின் பின்னரே, டீகாஸ் எனப்படும் மோதல் தவிர்ப்புக் கருவியை விமானங்களிற் கட்டாயமாக்க இந்தியா நடவடிக்கை எடுத்தது. எதிரேயுள்ள விமானத்தின் கருவியோடு பேசி, ஒருவரை மேலேறவும் மற்றவரைத் தாழவும் சொல்லுகின்ற கருவி அது.

அக்கருவியும் ஒருமுறை கைவிடப்பட்டது. 2002ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே, ரஷ்ய விமானமொன்றும் சரக்கு விமானமொன்றும் நெருங்கின. கருவி ரஷ்ய விமானத்தை மேலேறச் சொன்னது. தரையிலிருந்த கட்டுப்பாட்டாளரோ தாழச் சொன்னார். விமானி மனிதக் குரலைக் கேட்டார். சரக்கு விமானத்தின் விமானி கருவியைக் கேட்டார். இருவரும் தாழ்ந்தனர், மோதினர். இறந்த 71 பேரிற் பெரும்பாலோர் விடுமுறைக்குச் சென்ற பள்ளிப் பிள்ளைகள். அதன் பின்னர், கருவியின் கட்டளையும் கட்டுப்பாட்டாளரின் கட்டளையும் முரண்படுமாயின் கருவியையே பின்பற்றவேண்டும் என்பது உலகெங்கும் ஐயத்துக்கிடமின்றி உறுதியாக்கப்பட்டது. காவல் ஒன்றாக இருந்தாற் போதாது. இருவரும் அதே காவலுக்குக் கட்டுப்படவேண்டும்.

அப்படியாயின், கிளைடர் பறப்போரும் அதே டீகாஸ் கருவியைப் பொருத்திக்கொள்ளலாமே என்று தோன்றும். அது இயலவில்லை. அதன் விலையும் எடையும் மின்தேவையும் கிளைடருக்குப் பொருந்தா. அதனினும் பெரிய தடை வேறொன்று. பயணிகள் விமானங்கள் ஒன்றையொன்று நெருங்குவதே ஆபத்து. கிளைடர்களோ ஒரே வெப்பக்காற்றில் அருகருகே சுற்றுவதையே இயல்பாகக் கொண்டவை. அவற்றில் அந்தக் கருவியை வைத்தால் அது ஓயாமற் கூச்சலிடும். ஓயாமற் கூச்சலிடும் காவற்காரனை எவரும் மதிப்பதில்லை.

இத்தடையை உடைத்தவர்கள் சுவிற்சர்லாந்து நாட்டினர். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அல்ப்ஸ் மலைப்பகுதியில் நிகழ்ந்த உயிர்ப்பலி மோதல்கள் அவர்களை உலுக்கின. ஊர்ஸ் ரோட்டாக்கர், அந்திரேயா ஷ்லாப்பாக் என்னும் இருவர் முன்னின்று, 2004ஆம் ஆண்டில் ஃபிளார்ம் என்ற சிறு கருவியை வெளிக்கொணர்ந்தனர். கைக்கடங்கிய பெட்டி அது. செயற்கைக்கோள்களின் துணையால் தான் இருக்கும் இடத்தையும், காற்றழுத்தத்தால் தன் உயரத்தையும் அது அறிகிறது. அடுத்த சில வினாடிகளில் தன் கிளைடர் எங்கே இருக்கும் என்பதை, அது நேரே செல்கிறதா, வட்டமிடுகிறதா என்பதையும் கணக்கிற் கொண்டு, முன்கூட்டியே மதிப்பிடுகிறது. அந்த மதிப்பீட்டை வினாடிக்கு ஒருமுறை வானொலி அலையில் சுற்றுப்புறத்துக்கு அறிவிக்கிறது. சில கிலோமீற்றர் தூரத்துக்குள் உள்ள மற்றைய கருவிகளும் தத்தம் பாதையை அவ்வாறே அறிவிக்கின்றன. இரண்டு பாதைகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தை அடையக்கூடும் என்று கண்டால் மட்டுமே கருவி விளக்கெரிந்து ஒலியெழுப்பும். மோதலுக்கு இருபது வினாடிகளுக்கும் குறைவான நேரம் இருக்கும்போதே அது பேசும். எந்தத் திசையில், மேலேயா கீழேயா என்று காட்டும். என்ன செய்யவேண்டும் என்று சொல்லாது. பார்க்கவேண்டிய இடத்தைக் காட்டிவிட்டு, முடிவை மனிதனிடமே விட்டுவிடும்.

எண்ணிப் பார்த்தால், இது வானத்து ஹோர்ன்தான். "நான் இங்கே வருகிறேன், நீ எங்கே?" என்று ஒவ்வொரு வினாடியும் கேட்கின்ற ஹோர்ன். ஹோர்னுக்குள்ள குறையும் இதற்கு உண்டு. மற்றவரிடமும் கருவி இருந்தால்தான் பயன். இல்லாதவர் இதன் கண்ணுக்கு இல்லாதவரே. அவர் பறக்கும் இடம் வெறும் வானமாகத் தோன்றும்.

நான் கலைப்பட்டதாரி, கணக்கு என் துறையன்று. ஆயினும் ஒரு சிறு கணக்கைக் கரும்பலகையிற் போட்டுப் பார்த்தேன். பத்துக் கிளைடர்களில் ஐந்தில் இக்கருவி இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். காப்பும் பாதியாகும் என்றே நாம் நினைப்போம். அது தவறு. சந்திக்கும் இருவரிடமும் கருவி இருக்கவேண்டுமாதலால், பாதியிற் பாதி, அதாவது நூறு சந்திப்புகளில் ஏறத்தாழ 25இல் மட்டுமே காப்பு உண்டு. பத்தில் ஒன்பது பேர் வைத்திருந்தால் அது 81 ஆக உயரும். முதலில் வாங்குபவருக்குப் பயன் மிகக் குறைவு. கடைசியாக வாங்குபவர் மற்ற ஒன்பது பேருக்கும் காப்பளிக்கிறார். இத்தகைய பொருளை எவர் முதலில் வாங்குவார்?

இங்கேதான் அம்மனிதர்களின் செயல் பாராட்டுக்குரியதாகிறது. வானத்தில் நிலைய அதிபர் இல்லை; வில்லையைக் கொடுக்கவோ மறுக்கவோ எவரும் இல்லை. தொடக்கத்திற் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும், சில ஆண்டுகளுக்குள்ளேயே சுவிற்சர்லாந்தின் கிளைடர்களிற் பெரும்பாலானவற்றில் அக்கருவி இடம்பெற்றது. ஒரே களத்திலிருந்து பறப்போரே ஒரே காற்றிற் கூடுகிறார்கள். எனவே ஒரு சங்கம் முழுவதும் சேர்ந்து வாங்கினால், அச்சங்கத்தின் வானத்தில் அன்றே காப்பு நிறைவாகிவிடும். கருவியை உருவாக்கியவர்கள் தம் நுட்பத்தை வேறு உற்பத்தியாளர்களுக்கும் உரிமம் கொடுத்து வழங்கினர். அதனால் எவர் செய்த கருவியும் ஒரே மொழி பேசியது. பின்னர் பல போட்டிகள் அதனை நிபந்தனையாக்கின. பிரான்சில் அது கட்டாயமாயிற்று.

எதிர்ப்பு எழாமல் இல்லை. கருவியையே பார்த்துக்கொண்டிருப்போர் வெளியே பார்க்க மறப்பார்கள் என்றனர் சிலர். அந்த அச்சம் நியாயமானதே. அபர்மியூல் நிலையத்தை நாம் மறக்கலாகாது. போட்டியாளர் சிலரோ, நல்ல காற்று இருக்கும் இடத்தை நாம் வருந்திக் கண்டுபிடிக்க, மற்றவர்கள் இக்கருவியாற் பார்த்துப் பின்தொடர்வார்களே என்று குறைபட்டனர். அவர்களுக்காக, மோதல் ஆபத்து நேர்ந்தாலன்றிப் பிறர் தம்மை விரிவாகக் காணமுடியாதபடி மறைந்து பறக்கும் வசதி ஒன்று கருவியிற் சேர்க்கப்பட்டது. ஆனால் அந்த வசதியைப் பயன்படுத்துவோர், மற்றவர்களையும் அதே அளவுக்கே காண முடியும். உன்னைப் பிறர் பார்க்கலாகாது என்றால் நீயும் பிறரைப் பார்க்கலாகாது. இதனினும் நேர்மையான ஏற்பாட்டை நான் அறியேன்.

கருவி இருந்தும் பயனில்லாமற் போன கதையும் ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ஏறத்தாழ 16,000 அடி உயரத்தில் ஒரு கிளைடரும் சிறிய ஜெட் விமானமும் மோதின. ஜெட் விமானத்திற் டீகாஸ் இருந்தது. அதற்குப் பதிலளிக்கக்கூடிய கருவி கிளைடரிலும் பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் மின்கலத்தைச் சேமிக்கும் பொருட்டுக் கிளைடர் விமானி அதனை அணைத்து வைத்திருந்தார். அவர் பரசூட்டின் துணையாற் குதித்துப் பிழைத்தார்; சேதமுற்ற ஜெட் விமானமும் ஒருவாறு தரையிறங்கியது. எவரும் சாகாதது இறைவன் செயல் என்றே கூறவேண்டும். இதனைப் படித்தபோது, பழுதான ஹோர்னோடு மூன்று நாட்கள் சென்ற அந்த வேனே என் கண்முன் வந்தது.

நம் அயலிலும் இப்பிரச்சினை வந்துவிட்டது. இந்தியாவின் இமாசலப் பிரதேசத்தில் பீர் பில்லிங் என்னும் மலைச்சரிவு, துணிச்சிறகைக் கட்டிக்கொண்டு பறக்கும் பராகிளைடர் விளையாட்டுக்குப் பெயர்பெற்றது. 2015ஆம் ஆண்டில் அங்கே உலகக் கிண்ணப் போட்டியும் நடைபெற்றது. உலகின் பல பாகங்களிலிருந்தும் வருவோர் அந்த ஒரே சரிவின் காற்றிற் கூடுகின்றனர். 2024ஆம் ஆண்டு ஒக்டோபரில் அங்கே இருவர் வானில் மோதியதில் வெளிநாட்டவர் ஒருவர் உயிரிழந்தார். மலையும் காற்றும் நம்மிடமும் உள்ளன. நாளை நம் சரிவுகளிலும் இவ்விளையாட்டுப் பெருகுமானால், உயிரொன்று போகும்வரை காத்திராமல், முதல் நாளிலேயே ஒரே கருவியையும் ஒரே விதியையும் எல்லோரும் ஏற்றுக்கொள்வது அறிவுடைமை.

ஆனால் நாளைய வானத்தைவிட இன்றைய வீதியே எனக்குப் பெரிது. 2021ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், லுணுகலை – பசறை வீதியில் 13ஆம் கட்டைக்கருகே, பாறை சரிந்து ஒடுங்கியிருந்த இடத்தில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கு மேற்பட்டோர் மாண்டதை ஊவா மக்கள் மறக்கவில்லை. நம் பாதைகள் ஒடுங்கியவை, வளைவுகள் பல, மூடுபனி அடிக்கடி. இவற்றை ஒரே நாளில் மாற்ற நம்மால் இயலாது. ஆயின், அச்சுவிஸ் சங்கங்கள் செய்ததை நம்மாலும் செய்ய இயலும். ஊவா முழுவதையும் திருத்தப் புறப்படவேண்டியதில்லை. ஒரு வீதியை எடுத்துக்கொள்வோம். அந்த வீதியிற் தினமும் ஓடும் பாடசாலை வேன்கள், தோட்டத்து லொறிகள், பஸ்கள், முச்சக்கர வண்டிகள் எத்தனை என்று எண்ணிவிடலாம். அவற்றின் சாரதிகள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பவர்கள். அவர்கள் அனைவரும் கூடி, வளைவில் ஹோர்ன் அடிப்பது, பனியில் விளக்குப் போடுவது, பழுதான ஹோர்னோடு வண்டியை எடுக்காதிருப்பது என்ற மூன்றையும் ஏற்றுக்கொண்டால், அந்த வீதியின் கணக்கு 25இலிருந்து 81க்கும், 81இலிருந்து 100க்கும் உயரும். பத்தில் ஒருவர் ஒதுங்கி நின்றாலும், நூறு சந்திப்புகளில் 19 குருட்டுச் சந்திப்புகளாகவே எஞ்சும்.

எங்கள் பாடசாலையில் ஒரு சிறு வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறோம். திங்கட்கிழமை காலைகளிற் பிள்ளைகளை இறக்கிவிட்ட பின், ஒவ்வொரு வேன் சாரதியும் வாயிலருகே ஒருமுறை ஹோர்ன் அடித்து, முன்விளக்கையும் போட்டுக் காட்டிவிட்டே செல்வார். தொடக்கத்திற் சிலர் முகஞ்சுளித்தனர். ஒருவர், தம்மை நம்பவில்லையா என்று கேட்டார். "உங்களை நம்புகிறேன் தம்பி, எதிரே வருபவர் உங்களை அறியவேண்டுமே" என்று பதில் சொன்னேன். இப்போது அவரே மற்றவர்களை வரிசைப்படுத்துகிறார். ஹோர்ன் பழுதானால் வீட்டிலும் பாடசாலையிலும் சொல்லவேண்டும் என்று பிள்ளைகளிடமும் கூறியிருக்கிறோம். பெரியவர்கள் வாய்மூடி இருந்த இடத்திற் சிறுவர் பேசட்டும்.

வலக்கையை இழந்த அந்த மாணவனைப் பற்றி நேயர்கள் அறிய விரும்புவீர்கள். அவன் ஓர் ஆண்டு முயன்று இடக்கையால் எழுதப் பழகினான். சாதாரண தரப் பரீட்சையிலும் தேறினான். இன்று ஒரு தோட்டக் காரியாலயத்திற் பணிபுரிகிறான். சென்ற ஆண்டு தன் மகளை எங்கள் பாடசாலையிற் சேர்க்க வந்து, என் முன்னே அமர்ந்து, விண்ணப்பப் படிவத்தை இடக்கையால் நிரப்பினான். எழுத்து மிக அழகாக இருந்தது. நிரப்பி முடித்ததும் அவன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பிள்ளை வருகிற வேனுக்கு ஹோர்ன் வேலை செய்யுமா, சேர்?"

அக்கேள்வியை உங்கள் அனைவரிடமும் விட்டு அமைகிறேன்.